விண்டோஸ் 11க்கு மாறிய எங்கள் அச்சகம்: காவடிப் பருவத்தில் எழுதிய மதிப்பீடு

மொரீஷியஸின் ரோஸ் ஹில் நகரில் எங்கள் அச்சகம் இருக்கிறது. திருமண அழைப்பிதழ், கோயில் விழா அறிவிப்பு, பள்ளி மலர், கடைகளுக்கான ரசீதுப் புத்தகம் என்று தமிழிலும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டுக் கொடுக்கிறோம். பக்க வடிவமைப்பு முதல் பிளேட் என்னும் அச்சுத் தகடு எடுப்பது வரை உள்ள பகுதி என் பொறுப்பு. 2025 நவம்பரில் எங்கள் ஏழு கணினிகளையும் விண்டோஸ் 10இலிருந்து விண்டோஸ் 11க்கு மாற்றும் வேலையைத் தலைநகரிலுள்ள ஒரு கணினிச் சேவை நிறுவனத்திடம் ஒப்படைத்தோம். மூன்று மாதங்கள் அந்த இயங்குதளத்தில் வேலை செய்து, தைப்பூசக் காவடிக்கான அச்சு வேலைகளையும் முடித்த பிறகே இதை எழுதுகிறேன். புதிய இயங்குதளம் நன்றாக உழைக்கிறது. அதில் எனக்குப் பெரிய குறையில்லை. அதை எங்கள் கணினிகளில் நிறுவிக் கொடுத்த விதம்தான் எங்களை வாட்டியது. இங்கே என்ன வேலை நடக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கணினியின் வயதையும் நினைவகத்தின் அளவையும் குறித்துக்கொண்டவர்கள், அதில் என்ன எழுத்துரு இருக்கிறது, எந்த விசைப்பலகையில் யார் தட்டச்சு செய்கிறார் என்று பார்க்கவில்லை.

மாறியாக வேண்டிய கட்டாயம் இருந்தது. 2015 ஜூலை 29 அன்று வெளிவந்த விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. நாங்கள் பயன்படுத்தும் ஆபீஸ் 2016க்கும் அதுவே கடைசி நாள். அந்த நாளுக்குப் பின்னும் கணினி ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தாமாக வராது. வாடிக்கையாளர்கள் நாள்தோறும் பென் டிரைவிலும் மின்னஞ்சலிலும் கோப்புகளைக் கொண்டுவந்து கொட்டும் அச்சகத்துக்கு அது பெரிய ஆபத்து. செப்டம்பரிலேயே செய்திருக்க வேண்டிய வேலையைத் தீபாவளி வேலைகள் முடியட்டும் என்று தள்ளிப்போட்டதால், காவடிக்கான வேலைகள் தொடங்கும் நேரத்தில் அது எங்கள் தலைமேல் வந்து நின்றது.

முதல் தடை வன்பொருளில் வந்தது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், நம்பகமான இயங்குதளத்தை மட்டுமே தொடங்கவிடும் செக்யூர் பூட் வசதியும், 4 ஜி.பி. நினைவகமும், 64 ஜி.பி. சேமிப்பிடமும் வேண்டும்; இன்டெல் செயலியாக இருந்தால், ஒருசில விலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். எங்கள் ஏழில் மூன்று இந்த வாசலிலேயே நின்றுவிட்டன. மீதி நான்கில் இரண்டில் டி.பி.எம். இருந்தும், கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. தொழில்நுட்பர் அதை இயக்கிவிட்டு வேலையைத் தொடங்கினார். அந்தச் சின்ன மாற்றத்தை அவர் எந்தத் தாளிலும் எழுதி வைக்கவில்லை. அதன் விளைவு ஜனவரியில் தெரிந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஏற்கெனவே உள்ள நிரல்களையும் கோப்புகளையும் அப்படியே வைத்துக்கொண்டு இயங்குதளத்தை மட்டும் உயர்த்த வழியுண்டு. சேவை நிறுவனம் அதைச் செய்யாமல், வட்டை முழுவதும் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவியது. பழைய குப்பைகள் போய்விடும், கணினி வேகமாக இருக்கும் என்று அவர்கள் சொன்ன காரணம் பொய்யல்ல. கோப்புகளை முன்கூட்டியே நகலெடுத்துத் திருப்பி வைத்தார்கள். ஒன்றுகூடத் தொலையவில்லை என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன். ஆனால் ஓர் அச்சகத்தின் கணினியில் கோப்பு என்பது பாதிதான். மற்றப் பாதி எழுத்துருக்களிலும், விசைப்பலகை அமைப்பிலும், வண்ணக் குறிப்புகளிலும், அச்சு இயந்திரத்தோடு பேசும் மென்பொருளிலும் இருக்கிறது.

லதா எழுத்துருவின் கதையை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் தமிழில் ஆவணம் தயாரிக்கும் எந்த அலுவலகத்துக்கும் இது நேரலாம். விண்டோஸ் 2000 காலத்திலிருந்து லதா விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. பல கோயில் சங்கங்களும் தமிழாசிரியர்களும் எங்களுக்குத் தரும் வேர்டு கோப்புகள் இன்றும் லதாவில்தான் இருக்கின்றன. ஆனால் விண்டோஸ் 10 முதற்கொண்டே லதாவும் விஜயாவும் தாமாக நிறுவப்படும் எழுத்துருக்களின் வரிசையிலிருந்து விலக்கப்பட்டு, 'தமிழ்த் துணை எழுத்துருக்கள்' என்ற பெயரில் விருப்ப அம்சமாக வைக்கப்பட்டுவிட்டன. தமிழை மொழிப் பட்டியலில் சேர்த்தால் அவை இணையத்திலிருந்து இறங்கும். சேர்க்காவிட்டால் நிர்மலா யூஐ எழுத்துரு மட்டுமே இருக்கும். எங்கள் கணினிகளில் லதா முன்பே நிறுவப்பட்டிருந்ததால் அது இல்லாத நிலையை நாங்கள் ஒருநாளும் கண்டதில்லை.

தொழில்நுட்பர் ஆங்கிலத்தையும் பிரெஞ்சையும் மட்டும் சேர்த்துவிட்டுப் போயிருந்தார். லதா இல்லை. ஆனால் கோப்பைத் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரிந்திருந்தால் உடனே கண்டுபிடித்திருப்போம். அப்படித் தெரியவில்லை, தமிழ் அழகாகவே தெரிந்தது. எழுத்துருப் பெட்டியிலும் 'லதா' என்ற பெயரே நின்றது. உள்ளே வேர்டு தானாக நிர்மலாவைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தது. இரண்டு எழுத்துருக்களின் அகலமும் வரி உயரமும் வேறு. அதனால் நான்கு பக்கத்துக்குள் அடங்கியிருந்த ஒரு கோயிலின் பத்து நாள் நிகழ்ச்சி நிரல் ஐந்தாம் பக்கத்துக்கு வழிந்தது. கொடியேற்றத்தின் நேரம் ஒரு பக்கத்தின் அடியிலும், அன்றைய உபயதாரர் பெயர் அடுத்த பக்கத்தின் தலையிலுமாகப் பிரிந்து கிடந்தன. மெய்ப்புத் திருத்துபவர் எழுத்துப் பிழைதான் பார்ப்பார். அவர் கண்ணில் இது படவில்லை. பிளேட் எடுப்பதற்குச் சற்று முன்னர், பக்கங்களை மடிப்பு வரிசையில் அடுக்கும்போதுதான் எங்கள் வடிவமைப்பாளர் அக்கா பிடித்தார். அவர் பிடித்திருக்காவிட்டால் அந்த அச்சுத்தாள் முழுவதும் வீணாகியிருக்கும்.

தீர்வு ஐந்து நிமிட வேலை. அமைப்புகளில் தமிழை மொழியாகச் சேர்த்தோம், எழுத்துருக்கள் இறங்கின, பக்கங்கள் பழைய இடத்துக்கு வந்து நின்றன. ஐந்து நிமிடத்தில் தீரும் ஒரு விஷயத்துக்காக இரண்டு நாட்கள் எல்லாக் கோப்புகளையும் மறுபடி சரிபார்த்தோம் என்பதுதான் என் வருத்தம்.

பாமினியில் வேறு விதமான சிக்கல் எழுந்தது. எல்லா மொழிகளுக்குமான பொதுக் குறியீடாகிய யூனிகோடு பரவுவதற்கு முன் நாங்கள் செய்த வேலைகள் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. அவற்றை நாங்கள் இன்னும் மாற்றி முடிக்கவில்லை. பாமினியில் தமிழுக்கென்று தனிக் குறியீடு கிடையாது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு அது. எழுத்துரு இல்லையென்றால் திரையில் தெரிவது ஆங்கில எழுத்துகளும் புள்ளி வைக்க வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளியுமாக ஒரு குவியல். இதைப் பார்த்துப் பயந்துபோன எங்கள் புதிய பையன், கோப்பு கெட்டுவிட்டது என்று ஒரு வாடிக்கையாளரிடம் சொல்லியே விட்டான். பாமினியை நிறுவித் தரும்படி கேட்டபோது தொழில்நுட்பர் நிறுவித்தான் கொடுத்தார். ஆனால் அவருடைய கணக்கில் நுழைந்து, கோப்பை இருமுறை சொடுக்கி நிறுவினார். 2018 அக்டோபர் புதுப்பிப்பிலிருந்தே விண்டோஸில் அப்படி நிறுவும் எழுத்துரு, நிறுவியவருடைய கணக்குக்கு மட்டுமே உரியதாகிவிடுகிறது. எங்கள் கணக்குகளில் அது தெரியவில்லை. எழுத்துருக் கோப்பின் மேல் வலப்பக்கம் சொடுக்கி 'எல்லாப் பயனர்களுக்கும் நிறுவு' என்று தேர்ந்தால்தான் எல்லாருக்கும் கிடைக்கும். அச்சகங்களுக்குச் சேவை செய்பவர் இதைக்கூட அறியாமல் இருப்பது சரியல்ல.

எங்களிடம் மூத்த தட்டச்சர் ஒருவர் இருக்கிறார். ஐயா என்றுதான் எல்லாரும் அழைப்போம். தமிழ்த் தட்டச்சுப் பொறியில் கற்றவர். அவர் விரல்களுக்குப் பழைய தட்டச்சு முறை ஒன்றுதான் தெரியும். விண்டோஸில் தமிழ்99 விசைப்பலகையும் அஞ்சல் முறையும் இன்ஸ்கிரிப்டும் உள்ளுக்குள்ளேயே கிடைக்கின்றன, அது பெரிய வசதி. இளையவர்களுக்கு அவை போதும். தட்டச்சுப் பொறி முறை மட்டும் அதில் இல்லை. ஐயா இதுவரை பயன்படுத்திய சிறு நிரல் வட்டோடு துடைக்கப்பட்டுவிட்டது. மூன்று நாட்கள் அவர் தமிழ்99இல் முயன்றார். "தம்பி, நாற்பது வருஷம் விரலில் இருந்த எழுத்தை இப்போது கண்ணால் தேட வேண்டியிருக்கிறது" என்று சொன்னபோது எனக்கு மிகவும் சங்கடமாக இருந்தது. நான்காம் நாள் இ-கலப்பை என்னும் இலவச மென்பொருளை நிறுவிக் கொடுத்தோம். அதில் தட்டச்சுப் பொறி முறையும் உண்டு. அன்று மதியத்துக்குள் அவர் தம் பழைய வேகத்துக்கு வந்துவிட்டார். ஒரு மனிதருடைய வாழ்நாள் பயிற்சியை மூன்று நாட்கள் பயனற்றதாக்க எந்த மேம்பாட்டுக்கும் உரிமையில்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். துடைப்பதற்கு முன் அவர் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்திருந்தால் அது தெரிந்திருக்கும்.

தமிழைச் சேர்த்ததில் இன்னொரு வினையும் வந்தது. விண்டோஸின் பட்டியலில் தமிழுக்கு நான்கு நாடுகளே உள்ளன: இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர். ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் மொரீஷியஸ் இருக்கிறது, தமிழுக்கு இல்லை. எங்கள் நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் அச்சிடப்பட்டிருக்கின்றன. அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பட்டியலைப் பார்க்கும்போது மனம் ஒப்பவில்லை. மறுபடி வரவழைத்த தொழில்நுட்பர், கணக்கர் கணினியில் தமிழைச் சேர்த்ததோடு தேதி, எண், பணம் ஆகியவற்றை எழுதும் முறையைத் தீர்மானிக்கும் வட்டார வடிவத்தையும் இந்தியா என்றே அமைத்துவிட்டுப் போனார். மறுநாள் நாங்கள் அனுப்பிய இரண்டு விலைப்புள்ளிகளில் மொரீஷியஸ் ரூபாய்க்குப் பதிலாக இந்திய ரூபாயின் குறியீடு நின்றது. 125,000 என்று இருக்க வேண்டிய தொகை 1,25,000 என்று வந்தது. எக்செலில் பணத்துக்கான வடிவங்களில் சில, கணினியின் வட்டார அமைப்பைப் பின்பற்றுபவை. வாடிக்கையாளர் தொலைபேசியில் கேட்ட பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. தமிழை மொழியாகச் சேர்த்துக்கொண்டு, வட்டார வடிவத்தை மட்டும் ஆங்கிலம்–மொரீஷியஸ் அல்லது பிரெஞ்சு–மொரீஷியஸ் என்று தனியாக வைக்கலாம். இரண்டும் வெவ்வேறு அமைப்புகள். இந்தத் தீவில் தமிழ் தட்டச்சு செய்யும் ஒவ்வொருவரும் இதைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது, எங்கள் கோப்புகள் எல்லாம் இருக்கும் வலைப்பின்னல் சேமிப்புப் பெட்டி. பல ஆண்டுகளாகக் கடவுச்சொல் இல்லாமல் விருந்தினர் நுழைவில்தான் அதைத் திறந்து வந்தோம். அது தவறு, எங்கள் தவறு. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து, அலுவலகங்களுக்கான புரோ பதிப்பில், கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவு இயல்பாகவே தடுக்கப்படுகிறது; பரிமாற்றம் ஒவ்வொன்றும் மின்கையொப்பம் பெற்றிருக்க வேண்டும் என்றும் அது கேட்கிறது. அங்கீகாரமில்லாத நுழைவைப் பாதுகாப்புக் கொள்கை தடுக்கிறது என்ற செய்தியோடு நான்கு கணினிகளும் பெட்டியைத் திறக்க மறுத்தன. தொலைபேசியில் சேவை நிறுவனம் தந்த யோசனை, இரண்டு கட்டளைகளைத் தட்டி அந்தப் பாதுகாப்பையே நீக்கிவிடுங்கள் என்பது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. 2017 மே மாதத்தில் உலகெங்கும் அலுவலகங்களை முடக்கிய வான்னாக்ரை தீநிரல் இதே கோப்புப் பகிர்வு முறையின் பழைய ஓட்டை வழியாகத்தான் பரவியது. பூட்டு இறுக்கமாக இருக்கிறது என்று கதவைக் கழற்றி வைப்பது பாதுகாப்பாகாது. பெட்டியின் உள் மென்பொருளைப் புதுப்பித்து, ஆளுக்கொரு பெயரும் கடவுச்சொல்லும் உருவாக்கினோம். அரைநாள் போனது, அந்த அரைநாளுக்காக நான் வருந்தவில்லை. இயங்குதளம் எங்களை ஒரு நல்ல பழக்கத்துக்கு இழுத்தது என்றே எடுத்துக்கொண்டேன். முன்னறிவிப்பு இருந்திருந்தால் அது ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்திருக்கும், அவ்வளவே.

வண்ணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திரைக்கும் மெய்ப்பு அச்சுப்பொறிக்கும் நாங்கள் அளந்து வைத்திருந்த வண்ணக் கோப்புகள் விண்டோஸின் உள் கோப்புறை ஒன்றில் கிடந்தன. வட்டோடு அவையும் போயின. குங்குமச் சிவப்பு செங்கல் நிறமாக வந்தது. அதிர்ஷ்டவசமாக மெய்ப்புக் கட்டத்திலேயே தெரிந்ததால் மறுபடி அளந்து சரிசெய்தோம்.

இனி ஜனவரியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். புத்தாண்டு விடுமுறையாக 1, 2 ஆகிய இரு நாட்களும் இங்கே அரசு விடுமுறை. அதைத் தொடர்ந்து வந்த வார இறுதியில் எங்கள் பகுதியில் மின்சாரம் போய் வந்திருக்கிறது. 5ஆம் தேதி திங்கட்கிழமை காலை அலுவலகம் திறந்தபோது முதன்மை வடிவமைப்புக் கணினி விண்டோஸுக்குள் நுழையவே இல்லை. நீலத் திரையில், வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நின்றது. பிட்லாக்கர் என்ற பெயரையே எங்களில் பலர் அன்றுதான் கேள்விப்பட்டோம்.

காரணங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. 24எச்2 முதல், புதிதாக நிறுவப்பட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையும் கணினிகளில் வட்டு தானாகவே மறையாக்கம் செய்யப்படுகிறது. அதன் திறவுகோல் டி.பி.எம். சில்லில் இருக்கும், மீட்புச் சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்படும். கணினி திருடுபோனால் கோப்புகளை யாரும் படிக்க முடியாது என்பதால் இது நல்ல ஏற்பாடே. ஆனால் டி.பி.எம்மைப் பயாஸில் இயக்கிவிட்டுப் போன இரண்டு கணினிகளில் இதுவும் ஒன்று. தாய்ப்பலகையில் உள்ள சிறு மின்கலம் பழையது. மின்சாரம் போனதும் பயாஸ் அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பி, டி.பி.எம். மறுபடி அணைந்துவிட்டது. திறவுகோலைக் காணாத விண்டோஸ் மீட்புச் சாவியைக் கேட்டது. அது கேட்டது முறைதான். அந்தச் சாவி எங்களிடம் இல்லை என்பதுதான் கொடுமை. நிறுவும்போது தொழில்நுட்பர் தம் சொந்தக் கணக்கைக் கொடுத்து நுழைந்திருந்தார். சாவி அவர் கணக்கில் இருந்தது. அவரோ விடுமுறையில் இருந்தார்.

அவரைத் தேடிப் பிடித்து, அவர் தம் கணக்கில் நுழைந்து, தொலைபேசியில் 48 இலக்கங்களை ஆறு ஆறாகப் படிக்க, நாங்கள் தட்டி முடிக்கும்போது மாலை நான்கு மணி ஆகிவிட்டது. மூன்று கோயில்களின் அழைப்பிதழ்கள் அந்தக் கணினியின் வட்டில் இருந்தன. இரண்டை அன்று மாலைக்குள் அச்சுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. காவடி பிப்ரவரி 1. அதற்கு முன் பத்து நாள் விரதம். கொடியேற்றத்துக்கு முன்பே அழைப்பிதழ் ஊர் மக்கள் கையில் இருக்க வேண்டும். அன்று இரவு பதினொரு மணி வரை எல்லாரும் நின்று முடித்தோம். காலை முழுவதும் கை கட்டி உட்கார்ந்திருந்த அக்கா ஒரு சொல் கடிந்து பேசவில்லை. அது எனக்கு இன்னும் வலித்தது.

அன்றே ஆராய்ந்தபோது இன்னொன்றும் தெரியவந்தது. அதே கணக்கின் வழியாக ஒன்டிரைவ் காப்பும் இயங்கிக்கொண்டிருந்தது. மேசைத்தளத்தில் வைத்த கோப்புகள், வாடிக்கையாளர் முகவரிப் பட்டியல் உட்பட, ஒரு வெளியாளின் இணையச் சேமிப்பகத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. அவர் அதைத் திறந்து பார்த்தார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கே தெரியாமல் நடந்திருக்கலாம். ஆனால் மொரீஷியஸில் 2017ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பிறருடைய தனிப்பட்ட விவரங்களை வைத்திருப்பவர் அவற்றைப் பாதுகாக்கக் கடமைப்பட்டவர். அந்தக் கடமை எங்களுடையது, அதை மீற வைத்தது அவர்களுடைய கவனக்குறைவு. கோப்புகளை அழித்துவிட்டதாக எழுத்தில் வாங்கிக்கொண்டோம். நான்கு கணினிகளையும் அச்சகத்தின் சொந்தக் கணக்குக்கு மாற்றினோம். ஒவ்வொன்றின் மீட்புச் சாவியையும் தாளில் அச்சிட்டு, காசோலைப் புத்தகம் இருக்கும் பெட்டகத்தில் வைத்தோம். மின்கலங்களையும் மாற்றினோம்; அவை எந்த மின்கடையிலும் கிடைக்கும் சிறு வட்ட மின்கலங்கள்தாம்.

அன்றாடப் பயன்பாட்டில் உள்ள சங்கடங்கள் இவற்றோடு ஒப்பிட்டால் சிறியவை, என்றாலும் நாளெல்லாம் கணினி முன் இருப்பவருக்கு அவை சிறியவை அல்ல. அக்கா பணிப்பட்டையைத் திரையின் இடப்பக்கம் நிறுத்தி வைத்திருப்பார். நெட்டுப் பக்கங்களை வடிவமைப்பவருக்குத் திரையின் உயரம் ஒவ்வொரு விரற்கடையும் வேண்டும். எங்களுக்கு நிறுவிக் கொடுத்த பதிப்பில் பணிப்பட்டை அடியில் மட்டுமே நிற்கிறது. வலப்பக்கச் சொடுக்கில் முன்பு நேரே வந்த பல கட்டளைகள் 'மேலும் விருப்பங்களைக் காட்டு' என்பதற்குப் பின்னால் போய்விட்டன. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு சொடுக்கினால் பழைய பட்டியல் நேரடியாக வரும் என்று தெரிந்த பிறகு எரிச்சல் குறைந்தது. நடுவில் நிற்கும் தொடக்கப் பொத்தானை இடப்பக்கம் நகர்த்திக்கொள்ளலாம். பணிப்பட்டையில் ஒவ்வொரு சாளரத்தையும் பெயரோடு தனித்தனியே காட்டும் வசதி முதல் பதிப்பில் நீக்கப்பட்டு 2023இல் திரும்ப வந்தது. ஒரே நேரத்தில் எட்டுக் கோப்புகளைத் திறந்து வைத்திருக்கும் எங்களுக்கு அது இல்லாமல் வேலை நடக்காது.

பிடித்தவையும் உண்டு. கோப்பு உலாவியில் தத்தல்கள் (டேப்) வந்துவிட்டதால் பழைய வேலையையும் புதிய வேலையையும் ஒரே சாளரத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. பெரிதாக்கும் பொத்தானின் மேல் சுட்டியை வைத்தால் சாளரங்களை அடுக்கும் கட்டங்கள் தோன்றுகின்றன. வாடிக்கையாளர் தந்த கையெழுத்துப் படியை ஒரு பக்கமும் நம் பக்கத்தை மறுபக்கமும் நிறுத்தி மெய்ப்புப் பார்ப்பதற்கு இதைவிட எளிய வழி முன்பு இருந்ததில்லை. நோட்பேடில் சேமிக்காமல் மூடிய குறிப்பும் மறுநாள் அப்படியே திறக்கிறது. தமிழ் எழுத்துகள் திரையில் கூர்மையாகத் தெரிகின்றன. ஐயாவே கண்ணாடியைக் கழற்றி வைத்துப் படித்துக் காட்டினார்.

புதுப்பிப்புகள் மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை அமெரிக்க நேரப்படி வெளியாகின்றன; எங்கள் நேரத்தில் அது செவ்வாய் இரவு. ஆகவே மறுதொடக்கம் கேட்பது புதன்கிழமை காலைதான். இதை அறிந்த பிறகு, அந்த ஒரு புதன்கிழமை காலையில் பெரிய வேலை எதையும் வைப்பதில்லை. வேலை நேரத்தைப் பதினெட்டு மணி நேரம் வரை குறித்து வைத்தால் அந்த நேரத்தில் விண்டோஸ் தானாக மறுதொடக்கம் செய்யாது. அதையும் எல்லாக் கணினிகளிலும் அமைத்துவிட்டோம்.

வாசலில் நின்றுபோன மூன்று கணினிகளில் ஒன்றுக்குப் பதிலாகப் புதியது வாங்கினோம். இன்னொன்று தாள் கணக்குப் போடும் பழைய டாஸ் நிரலுக்காக 32 பிட் விண்டோஸ் 10இல் இருப்பது. விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது என்பதால் அந்த நிரல் அதில் ஓடாது. அதன் இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டோம். கணக்குப் போடுவதற்கு அது போதும். மூன்றாவது, பிளேட் இயந்திரத்தோடு இணைந்தது. பக்கங்களைப் பிளேட்டில் பதியும் புள்ளிகளாக மாற்றித் தரும் ரிப் மென்பொருளுக்கு எங்களிடம் உள்ள உரிமம் விண்டோஸ் 10 வரைக்கும்தான். ஆகவே அதற்கு மட்டும் நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்பு வாங்கியிருக்கிறோம். நிறுவனங்களுக்கு முதல் ஆண்டுக் கட்டணம் கணினி ஒன்றுக்கு 61 அமெரிக்க டாலர். இரண்டாம் ஆண்டு அது இரட்டிப்பாகும், மூன்றாம் ஆண்டு மறுபடி இரட்டிப்பாகும், அதற்குமேல் இல்லை. முதல் ஆண்டு 2026 அக்டோபர் 13 அன்று முடிகிறது. அந்த நாளுக்குள் ரிப் மென்பொருளின் புதிய பதிப்பை வாங்குவதா, 122 டாலர் கட்டுவதா என்று முடிவெடுக்க வேண்டும். சேவை நிறுவனத்துக்குத் தர வேண்டிய கடைசித் தவணையை, எந்தக் கணினியில் எந்த அமைப்பை மாற்றினார்கள் என்ற முழுப் பட்டியலையும் எழுதித் தரும்வரை நிறுத்தி வைத்திருந்தோம். பட்டியல் சென்ற வாரம் வந்தது, பயாஸில் இயக்கிய டி.பி.எம். உட்பட இரண்டு பக்கங்கள். அதே நாளில் பணத்தை அனுப்பிவிட்டோம்.